டேப்பா, உலையா, அமிலமா, மிக்ஸியா? எந்த கிராஃபீன் எதற்கு?

பெங்களூர் பீன்யாவில் பெயின்ட் பட்டறை வைத்திருக்கும் ஓசூர் அண்ணன் ஒருவர் போன வாரம் கூப்பிட்டார். "தம்பி, துருப்பிடிக்காத பெயின்ட்ல கிராஃபீன் கலக்கலாம்னு பார்க்கிறேன். ஆளாளுக்கு ஒரு விலை சொல்றாங்க. எதுதான் அசல்?" நாலு வருஷமாக இங்கே ஆய்வகத்தில் இதோடு மல்லுக்கட்டுகிறவன் என்பதால் என்னைக் கேட்டார். அசல் எது என்பதைவிட, எப்படிச் செய்தது என்று கேட்பதுதான் சரி. கிராஃபீன் என்பது ஒரே அணு தடிமன் உள்ள கார்பன் ஏடு. ஆனால் அந்த ஒரே பெயரில் நாலு விதமான சரக்கு விற்கிறது.

2004-இல் மான்செஸ்டரில் கெய்ம், நோவோசெலோவ் என்ற இயற்பியலாளர்கள் கிராஃபைட்டின் (பென்சில் முனையில் இருக்கும் கார்பன்) மேல் டேப்பை ஒட்டி ஒட்டி உரித்து, ஒரே அணு தடிமன் உள்ள ஏட்டைப் பிரித்தார்கள். 2010-இல் நோபல் கிடைத்தது. தரத்தில் இன்றும் அதுதான் உசத்தி. ஆனால் கிடைப்பது மைக்ரோமீட்டர் கணக்கில் துணுக்கு. இயற்பியல்காரர்களுக்குப் போதும், பெயின்ட் டின்னுக்கு ஆகாது.

அடுத்தது உலை. செம்புத் தகட்டை 1000 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி, ஹைட்ரஜனோடு மீத்தேனையும் விட்டால், மீத்தேன் உடைந்து கார்பன் தகட்டின் மேல் படியும். செம்பில் கார்பன் கரையாது என்றே சொல்லலாம். அதனால் ஓர் அடுக்கு மூடியதும் வளர்ச்சி கிட்டத்தட்ட தானாக நின்றுவிடும். நிக்கல் அப்படியல்ல: கார்பனை உள்ளே இழுத்துக்கொண்டு, ஆறும்போது கண்டபடி பல அடுக்காக வெளியே தள்ளும்.

வளர்ப்பதுகூடப் பெரிதில்லை, பெயர்த்து எடுப்பதுதான் பாடு. மேலே மெல்லிய பிளாஸ்டிக் பூசி, அடியில் உள்ள செம்பைக் கரைத்துவிட்டு, தண்ணீரில் மிதக்கும் ஏட்டை சிலிக்கான் துண்டால் அள்ள வேண்டும். பாலாடையைச் சுருங்காமல் கரண்டியில் எடுத்துப் பாருங்கள், தெரியும். நான் ஒரே வாரத்தில் மூன்றைக் கிழித்திருக்கிறேன். ஒளியில் 2.3 சதவீதத்தை மட்டுமே உறிஞ்சும் என்பதால் ஒளிபுகும் மின்முனைகளுக்கும், சென்சார்களுக்கும் இந்த வகை. விலையைக் கேட்டால் அண்ணன் போனை வைத்துவிடுவார்.

மூன்றாவது, 1958-இல் வந்த ஹம்மர்ஸ் முறை. கிராஃபைட்டை அடர் கந்தக அமிலத்தில் போட்டு, ஐஸ் தொட்டியில் வைத்து, பொட்டாசியம் பர்மாங்கனேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். அவசரப்பட்டால் வெடிக்கவும் கூடும். கடைசியில் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றியதும் கலவை பளிச்சென்று மஞ்சளாகும். அப்புறம் நாள்கணக்கில் கழுவல். வருவது கிராஃபீன் ஆக்சைடு, மின்சாரம் கடத்தாது. வைட்டமின் சி-யைக் கொண்டு ஆக்சிஜனை விரட்டலாம், ஆனால் ஏட்டில் விழுந்த பொத்தல் அப்படியே இருக்கும். தண்ணீரில் நன்றாகக் கலக்கும் என்பதால் வடிகட்டும் சவ்வுகளுக்கும் உயிரி சென்சார்களுக்கும் பொருத்தம்.

நாலாவதுதான் எனக்குப் பிடித்தது. 2014-இல் டப்ளினில் கோல்மன் குழுவினர் தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம், கிராஃபைட் மூன்றையும் மிக்ஸியில் அடித்தே ஏடுகளைப் பிரித்துக் காட்டினார்கள். ஏடுகள் சின்னவை, பெரும்பாலும் சில அடுக்குகள் கொண்டவை. ஆனால் ஆக்சைடு போலச் சிதைந்தவை அல்ல, கிலோ கணக்கில் செய்யவும் வழி உண்டு.

அண்ணனுக்கு இதைத்தான் சொன்னேன். பெயின்டுக்குள் ஏடுகள் ஓடு வேய்ந்தது போலப் படிந்தால் ஈரம் சுற்றிச் சுற்றி வர வேண்டியிருக்கும். அதற்கு ஒற்றை அடுக்கு தேவையில்லை. அளவு கூடினால் மட்டும் ஆபத்து: கிராஃபீன் மின்சாரம் கடத்துவதால், பெயின்டில் கீறல் விழுந்த இடத்தில் இரும்பு இன்னும் வேகமாகத் துருப்பிடிக்கும்.

வாங்குமுன் ராமன் வரைபடம் கேளுங்கள் என்றேன். சரக்கின் மேல் லேசரை அடித்து, சிதறும் ஒளியை அளந்து வரைவது அது. அதில் அலை எண் (செ.மீ⁻¹) 2700 பக்கம் வரும் முகடு 1580-இல் வருவதைவிட இரண்டு மடங்கு உயரமாக, ஒல்லியாக இருந்தால் ஒற்றை அடுக்கு என்று நம்பலாம். 1350-இல் உயர்ந்து நின்றால் ஏட்டில் குறை அதிகம், அல்லது துணுக்கு ரொம்பச் சின்னது. 2018-இல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 60 நிறுவனங்களின் சரக்கைச் சோதித்தபோது, பெரும்பாலானவற்றில் கிராஃபீன் 10 சதவீதம்கூட இல்லை, மிச்சமெல்லாம் கிராஃபைட் தூள்.

அண்ணன் மூன்று சப்ளையர்களிடம் வரைபடம் கேட்டிருக்கிறார். ஒருவர் அனுப்பினார். இன்னொருவர், "அதெல்லாம் எதுக்கு சார், டிஸ்கவுன்ட் தர்றேன்" என்றாராம்.