அட்மின் கடவுச்சொல் இல்லாத கணினியில் ஆர்: ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு

தொண்டியில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் சென்ற வாரம் தொலைபேசியில் கேட்டார்: "அண்ணே, ஆபீஸ்ல புது லேப்டாப் குடுத்திருக்காங்க. ஆனா அட்மின் பாஸ்வேர்டு தரமாட்டாங்களாம். ஆர் போட்டு வேலை பார்க்க முடியுமா?" ஆர் என்பது புள்ளிவிவரக் கணக்குக்கும் வரைபடத்துக்குமான நிரல்மொழி. முடியும் என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். மண்டபத்தில் அப்படிப்பட்ட ஓர் அலுவலகக் கணினியோடு 2019 முதல் மல்லுக்கட்டி வருபவன் என்பதால், சற்று விரிவாகவே எழுதிவிடத் தோன்றியது.

இறங்குதளங்களிலிருந்து வரும் மீன்வரத்துக் கணக்கை விசைப்படகு, நாட்டுப்படகு என்று பிரித்து, மீன் வகைவாரியாக மாதந்தோறும் வரைபடமாக்கித் தருவது என் வேலை. இதற்கு ஆர் வேண்டும். ஆர் மட்டும் போதாது, அதன் மேல் ஏறத்தாழ 140 பேக்கேஜ்கள் (ஆருக்குக் கூடுதல் வசதிகளைத் தரும் துணைத் தொகுப்புகள்) வேண்டும். கடவுச்சொல் பற்றிய பயமெல்லாம் இந்த இடத்தில்தான் எழுகிறது. உண்மையில் பயப்பட ஒன்றுமில்லை. புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறையில் எழுத உரிமை இல்லை என்று தெரிந்தவுடன், உங்களுக்கென்று தனி நூலகம் (பேக்கேஜ்களை வைக்கும் கோப்புறை) ஒன்றை உருவாக்கிக்கொள்ளலாமா என்று ஆர் தானாகவே கேட்கிறது. ஆம் என்றால் பேக்கேஜ்கள் அனைத்தும் நம் பெயரிலுள்ள கோப்புறைக்குள் இறங்கிவிடுகின்றன. ஆரையே கூட நம் சொந்தக் கோப்புறையில் நிறுவிக்கொள்ள முடியும். யாருடைய கையொப்பமும் தேவையில்லை. மற்ற மென்பொருள் ஒன்றுக்காகக் கடிதம் எழுதி நான்கு மாதம் காத்திருந்தவனுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

எதிர்பாராமல் கிடைத்த மகிழ்ச்சியையும் சொல்லியாக வேண்டும். 2022 ஏப்ரலில் வந்த 4.2 பதிப்புக்கு முன்னால், விண்டோஸில் ஓர் அட்டவணையைத் திரையில் பார்த்தால் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கோண அடைப்புக்குள் யு, கூட்டல் குறி, நான்கு இலக்கச் சங்கேதம் என்று சிதறிக் கிடக்கும். சீலா என்ற மீனுக்கு நான்கு சங்கேதங்கள், நெத்திலிக்கு எட்டு. அதனால் மீன்களுக்கு எண் கொடுத்து, எந்த எண் எந்த மீன் என்ற பட்டியலை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன். 4.2ஐ யாரையும் கேட்காமல் என் கோப்புறையில் நிறுவிய அன்று மாலை, சீலா, காரல், நெத்திலி, பாரை என்று வரிசையாகத் திரையில் வந்து நின்றபோது பக்கத்து அறையில் இருந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவருக்கு அதில் என்ன விசேஷம் என்று புரியவில்லை.

இனி எரிச்சலுக்கு வருகிறேன். தனி நூலகத்தின் கோப்புறை பதிப்பு எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களை மட்டும் பெயராகக் கொண்டது. 4.3.1 போய் 4.3.2 வந்தால் ஒன்றும் ஆகாது, 4.3 போய் 4.4 வந்தால் ஆர் புதிய, காலியான கோப்புறையைப் பார்த்துக்கொண்டு நிற்கும். பழையவை அழியவில்லை, பக்கத்துக் கோப்புறையில் அப்படியே இருக்கின்றன, ஆனால் அவற்றை அப்படியே தூக்கி வைப்பது நம்பகமான வழியன்று. இந்தப் பதிப்பு மாற்றம் சில ஆண்டுகளாக ஏப்ரல் மாதத்தில்தான் வருகிறது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்; விசைப்படகுகள் கரையேறிப் பழுதுபார்க்கப்படும் அதே நாட்களில் நானும் பேக்கேஜ்களை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருப்பேன். மாற்றாமலே இருந்துவிடலாம் என்றால் அதுவும் நீடிக்காது. நடப்புப் பதிப்புக்கும் அதற்கு முந்தையதற்கும்தான் ஆரையும் பேக்கேஜ்களையும் வழங்கும் கிரான் தளம் விண்டோஸுக்கான ஆயத்தக் கோப்புகளைத் தொடர்ந்து கட்டித் தருகிறது. அதற்கும் பின்தங்கினால் மூலநிரலிலிருந்து நாமே கட்ட வேண்டிவரும்.

இதையும் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது உதவியால். 2023 ஆகஸ்டில் அச்சுப்பொறியைச் சரிசெய்ய வந்த கணினிப் பிரிவு ஊழியர், என் மீது இரக்கப்பட்டு, அட்மின் உரிமையோடு 4.3ஐ எல்லாருக்கும் பொதுவாக நிறுவி, அட்டவணைகளைக் கையாளும் டிபிளையர் உட்பட நான் கேட்ட சில பேக்கேஜ்களைப் பொது நூலகத்தில் இறக்கிக் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் டிபிளையர் திறக்கவில்லை. டிபிளையர் சார்ந்திருக்கும் ஆர்லாங் என்ற பேக்கேஜ் பழையது, புதியது வேண்டும் என்று பிழைச்செய்தி. பொது நூலகத்தில் ஆர்லாங் புதியதாகவே இருந்தது. ஆனால் ஆர் முதலில் தேடுவது என் தனி நூலகத்தை. அங்கே என் பழைய ஆர்லாங் உட்கார்ந்திருந்ததால், உள்ளே இருக்கும் புதியதை அது எட்டிப் பார்க்கவே இல்லை. லிப்பாத்ஸ் கட்டளையைக் கொடுத்து, இரண்டு நூலகங்கள் எந்த வரிசையில் இருக்கின்றன என்று பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. அதற்குள் இரண்டு நாள் போய்விட்டது. தீர்வு அற்பமானது: திறந்திருந்த ஆர் சாளரங்கள் அனைத்தையும் மூடிவிட்டு (மூடாவிட்டால் ஆர்லாங்கின் டிஎல்எல் என்ற கோப்பை ஆர் பிடித்துக்கொண்டு மாற்றவிடாது) என் நூலகத்தில் ஆர்லாங்கைப் புதுப்பித்தேன். அந்த ஊழியர் மீது எனக்குக் கோபமில்லை. பொது நூலகத்தில் அவர் வைத்தவற்றை இன்றுவரை என்னால் நீக்கவும் முடியவில்லை, புதுப்பிக்கவும் முடியவில்லை என்பதில்தான் கோபம்.

ஆக, கடவுச்சொல் இல்லாமல் வேலை நடக்கிறது, நன்றாகவே நடக்கிறது. அட்மின் உரிமை நுழைந்த ஒரே முறைதான் எனக்கு இரண்டு நாள் இழப்பு. நியாயப்படி பார்த்தால் நண்பருக்குத் தைரியம்தான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவர் அழைத்தபோது கச்சான் காற்றில் இரண்டு முறை மின்சாரம் போய் வந்திருந்தது, 4.5க்கான புதிய கோப்புறையில் 140இல் 86ஆவது பேக்கேஜ் பாதியில் நின்றிருந்தது. "பாஸ்வேர்டு குடுத்தா வாங்கு தம்பி, குடுக்கலைன்னா அந்த லேப்டாப்பே வேணாம்னு சொல்லிரு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.