ஃபேட்டி லிவர்ல ஆபரேஷன்: என்ஏசி-யா, வைட்டமின் ஈ-யா, மெஷினா?

லிவரை வெட்டுறப்ப ரத்தம் கொட்டாம இருக்க, உள்ள வர்ற ரத்தக்குழாயை இறுக்கிப் புடிப்பாங்க. ப்ரிங்கிள்ங்கற சர்ஜன் 1908-ல எழுதினது, இன்னிக்கும் ஓடுது, வழக்கமா 15 நிமிஷம் புடிச்சு 5 நிமிஷம் விடுவாங்க. புடிக்கிறதை விட விடும்போதுதான் ஆபத்து ஜாஸ்தி. ஆக்சிஜன் இல்லாத நேரத்துல செல்லுக்குள்ள சக்சினேட்ங்கற பொருள் எரியாம சேர்ந்து கிடக்கும், ரத்தம் திரும்பப் பாஞ்சதும் அது மொத்தமா எரிஞ்சு முதல் சில நிமிஷத்துலயே மைட்டோகாண்ட்ரியாவுல (செல்லோட பவர்ஹவுஸ்) இருந்து செல்லையே தாக்குற ஃப்ரீ ராடிக்கல் பீச்சியடிக்கும். லிவரை எடுத்து இன்னொருத்தருக்குப் பொருத்துற ட்ரான்ஸ்பிளான்ட்லயும் இதே கதைதான். நல்ல லிவர் ஓரளவு தாங்கிரும். ஃபேட்டி லிவர்ல செல்லு உப்பி பக்கத்து ரத்தக்குழாயை நெருக்குது, செல்லோட எரிபொருளான ஏடிபி கம்மி, ராடிக்கலை அடக்குற குளுட்டதயோன் கம்மி, அந்தக் கொழுப்பே ராடிக்கலுக்குத் தீனி வேற.

அதனால ராடிக்கலை அடக்குற எந்த ஆன்டிஆக்ஸிடன்ட்டையும் நான் ஒரே கேள்வியிலதான் எடை போடுவேன்: அந்த முதல் நிமிஷத்துக்கு முன்னாடியே உள்ள போய் நிக்குதா?

என்ஏசி, பாராசிட்டமால் ஓவர்டோஸுக்கு ஏத்துற அதே மருந்துதான், செல்லுக்கு குளுட்டதயோன் செய்ய கச்சாப்பொருள் தருது, விலையும் கம்மி. ஆனா டைமிங்தான் எல்லாம். 2013-ல வந்த இத்தாலி ட்ரயல்ல லிவரை எடுக்குறதுக்கு முன்னாடியே டோனர் உடம்புல ஏத்தினாங்க, ஒரு வருஷத்துல 90 சதவீத லிவர் வேலை செஞ்சுது, மருந்து குடுக்காத பக்கம் 70. வாங்குறவங்களுக்கு ஏத்திப் பாத்த 2010 ட்ரயல்ல சொல்லிக்கிற மாதிரி பலன் இல்ல. லிவரை வெட்டி எடுக்குற ஆபரேஷன்ல பாத்தப்ப குழப்பநிலை (டெலிரியம்) ஜாஸ்தியாகி ட்ரயலை பாதியிலயே நிறுத்திட்டாங்க, இதை தயவுசெஞ்சு லேசா எடுத்துக்காதீங்க.

வைட்டமின் ஈ கொழுப்புல கரையும், செல் சவ்வுக்குள்ள உக்காரும், கேக்க ஃபேட்டி லிவருக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும். 2010-ல சுகர் இல்லாத நாஷ் (கொழுப்போட வீக்கமும் சேர்ந்த ஃபேட்டி லிவர்) நோயாளிங்களுக்கு தினம் 800 யூனிட் 96 வாரம் குடுத்தப்ப 43 சதவீதம் பேருக்கு முன்னேற்றம், டம்மி மாத்திரைல 19. ஆனா அது மாசக்கணக்குல நடந்த கதை, ஆபரேஷன் டேபிள் கதை இல்ல, அதுவும் இல்லாம பெரிய டோஸ்ல ரத்தப்போக்கு பயம் இருக்கு.

மெஷின், அதாவது ஹோப், மருந்தே இல்ல, ஆனா என் ஓட்டு இதுக்குத்தான். எடுத்த லிவரைக் குளிர்லயே வெச்சு, பொருத்துறதுக்கு முன்னாடி ஒண்ணு ரெண்டு மணிநேரம் ஆக்சிஜன் கலந்த திரவத்தை ஓட்டுவாங்க, சக்சினேட் அங்கயே மெதுவா கரைஞ்சிரும், பீச்சியடிக்க ஒண்ணும் மிஞ்சாது. இதயம் நின்ன டோனர்கள்கிட்ட எடுத்த லிவர்ல 2021 ட்ரயல்ல தொந்தரவு தர்ற ஒருவகை பித்தக்குழாய் சுருக்கம் 18-ல இருந்து 6 சதவீதமா இறங்குச்சு. செலவு பெருசு, ட்ரான்ஸ்பிளான்ட்டுக்கு மட்டும்தான் ஆகும்.

எங்க அக்கா அப்பாவுக்கு லிவர் குடுக்கப் போனப்ப ஸ்கேன்ல கொழுப்பு தெரிஞ்சுது. இதுல எதையும் டாக்டர் எழுதித் தரல, சோத்தைக் குறைச்சு தினம் நடங்கன்னு அனுப்பினார், ரெண்டு மாசம் கழிச்சு எடுத்த ஸ்கேன்ல கொழுப்பு நல்லாவே குறைஞ்சிருந்துச்சு, அதுக்கப்புறம்தான் ஆபரேஷனுக்கு தேதி குடுத்தாங்க.