கேம்ப்பெல் 34: உப்புக்காற்றில் எந்த ஜெர்சி நிற்கும்?

வெளிர்நீலத்தில் வெள்ளை எண் போட்ட இந்தச் சட்டையோடு தொண்டியிலோ கீழக்கரையிலோ கடைத்தெருவில் நடந்தால், பார்க்கிறவர்கள் அர்ஜென்டினா என்றுதான் நினைப்பார்கள். 34 என்ற எண்ணைப் பார்த்து ஒருவர் நின்றுவிட்டால் அவருக்கு ஏர்ல் கேம்ப்பெலைத் தெரியும். அந்த ஒருவருக்காகத்தான் இந்த மதிப்புரை. அவர் ஆடிய அமெரிக்க ஃபுட்பால் அணியான ஹூஸ்டன் ஆய்லர்ஸின் பழைய ஜெர்சி இப்போது மூன்று விதமாகக் கிடைக்கிறது: எண்ணைத் துணியில் வெட்டித் தைத்தது, எண்ணை மையில் அச்சடித்தது, ஆர்டர் கொடுத்து உள்ளூரில் சப்ளிமேஷனில் (சூட்டில் சாயத்தை இழைக்குள் ஏற்றும் முறை) அடிப்பது.

ஆளைத் தெரியாதவர்களுக்குக் கபடிக் கணக்கில் சொல்லிவிடலாம். அமெரிக்க ஃபுட்பாலில் நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். பந்தை இடுக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்து ஓடுகிறவர்தான் ரன்னிங் பேக். தப்பி ஓடுகிறவர்கள் ஒரு ரகம். மூன்று பேர் பிடித்தும் அவர்களையும் இழுத்துக்கொண்டு கோட்டைத் தொடுகிற ரெய்டர் இன்னொரு ரகம். கேம்ப்பெல் இரண்டாம் ரகத்தின் உச்சம். 5 அடி 11 அங்குலம், சுமார் 105 கிலோ. தொடைச் சுற்றளவே 34 அங்குலம் என்பார்கள். 1978-இல் மயாமி டால்ஃபின்ஸுக்கு எதிரான திங்கள் இரவு ஆட்டத்தில் 199 கஜம், நான்கு டச்டவுன் (பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடப்பது). கடைசிக் கால்பகுதியில், எல்லாரும் களைத்துப்போன நேரத்தில், ஒரே ஓட்டத்தில் 81 கஜம். அது அவருக்கு முதல் சீசன். 1980-இல் 373 முறை பந்தை வாங்கி ஓடி 1,934 கஜம் எடுத்தார். 373 முறை என்றால் அத்தனை முறை யாரோ ஒருவர் மேல் மோதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் முதுகுத்தண்டும் முழங்காலும் அதற்கு வட்டி கட்டின.

ஜெர்சி வாங்குகிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய வேடிக்கை ஒன்று உண்டு. அந்தக் காலத்து ரன்னிங் பேக்குகள் சிலர் போட்டது கிழிவதற்கென்றே செய்த மெல்லிய துணி. பிடித்தவர் கையில் துண்டுத் துணி மிஞ்சும், ஓடுகிறவர் போய்விடுவார். 1978-இல் ராம்ஸ் அணியின் ஐசையா ராபர்ட்சனின் நெஞ்சில் தலையால் முட்டித் தள்ளிவிட்டு, முதுகுச் சட்டை கிழிந்து தொங்க கேம்ப்பெல் ஓடும் காட்சியைப் பார்க்காத ரசிகர் இருக்க முடியாது. 1979-இல் அமெரிக்காவின் தொழில்முறை ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல் அந்த வகைச் சட்டையைத் தடை செய்தது. ஆக, இன்று காசு கொடுத்து வாங்கும் தையல் ஜெர்சி அந்தக் காட்சியில் கிழிந்ததைவிடப் பல மடங்கு கனமானது. ‘அசல் மாதிரியே’ என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் அது நிறத்துக்கும் எண்ணுக்கும்தான் பொருந்தும், துணிக்கு இல்லை.

அந்த நிறத்திலும் எண்ணிலும்தான் போலிகள் சறுக்குகின்றன. ஆய்லர்ஸுக்கு 34, டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் அவர் போட்டது 20, அது செங்கல் சாயலான ஆரஞ்சு. ஆய்லர்ஸ் நீலத்தில் 20 என்று யாராவது விற்றால் நகர்ந்துவிடுங்கள். நீலம் கருநீலமும் இல்லை, பள்ளிச் சீருடை நீலமும் இல்லை. மன்னார் வளைகுடா தெளிந்திருக்கும் நாளில் கரையோரம் தெரிகிற வெளிர்நீலம். வெள்ளை எண்ணைச் சுற்றிச் சிவப்பு விளிம்பு இருக்க வேண்டும். முதுகில் பெயரின் கடைசியில் இரண்டு ‘எல்’, ஒன்றை விழுங்கிய பிரதிகள் ஏராளம். கழுத்தடியில் லீக்கின் கேடய முத்திரை தைத்திருந்தால் அது 1980 காலத்து மாதிரி இல்லை, அந்தப் பழக்கம் பிறகு வந்தது. அணியின் சின்னம் எண்ணெய்க் கிணற்றுக் கோபுரம். வழுதூர்ப் பக்கம் எரிவாயுக் கிணறுகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. ஆனால் அது தலைக்கவசத்தில் இருந்த சின்னம். நெஞ்சில் பெரிதாக அடித்திருந்தால் அது ரசிகர் டீ-சர்ட், ஜெர்சி இல்லை.

அளவில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். தையல் ரகத்தில் 40, 44, 48 என்று வரும். முறையே மீடியம், லார்ஜ், எக்ஸ்எல். தோள் கவசத்துக்கு இடம் விட்ட வெட்டு என்பதால் நம் ஆட்களுக்குத் தோள் இறங்கித் தொங்கும். வீட்டில் சரியாகப் பொருந்தும் சட்டை ஒன்றைத் தரையில் விரித்து அக்குள் முதல் அக்குள் வரை அளந்து இரட்டியுங்கள். விற்பவரிடம் ஜெர்சியின் அதே அளவைக் கேளுங்கள். இரண்டுக்கும் 4 அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஒரு அளவு குறைக்க வேண்டும்.

தைத்த எண்ணில் இரண்டு அடுக்குத் துணி: கீழே சிவப்பு, மேலே வெள்ளை. பசை வைத்து ஒட்டி, ஓரத்தில் ஜிக்ஜாக் தையல் போட்டிருப்பார்கள். உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். தையல் இரண்டு அடுக்கையும் பிடித்து எண்ணின் ஓரம் முழுக்க ஓடியிருந்தால் நல்லது. மூலைகளில் மட்டும் பிடித்திருந்தால், வெயிலில் நிற்கும் வண்டிக்குள் நாலு நாள் கிடந்தாலே பசை இளகி முதலில் ‘4’-இன் கூர்மூலை சுருளும். இந்த ரகத்தின் இன்னொரு குறை காற்றோட்டம். மெஷ் துணி ஓட்டை ஓட்டையாக இருந்தாலும் நெஞ்சை அடைக்கிற எண்ணுக்குள் காற்று புகாது. சித்திரை வெயிலில் எண்ணுக்கு அடியில் மட்டும் வியர்வை ஊறி நிற்கும். உள்ளே பருத்திப் பனியன் இல்லாமல் போடாதீர்கள்.

அந்த ஓட்டைகளுக்கு நம் ஊரில் பரம எதிரி சீமைக் கருவேலம். ஒரு முள் மாட்டினால் நூல் ஒரு விரல் நீளம் வெளியே வந்துவிடும். கத்தரிக்கக் கூடாது, கத்தரித்தால் அங்கிருந்து பிரியத் தொடங்கும். ஊசியை உள்பக்கத்திலிருந்து விட்டு நூலை உள்ளே இழுத்து, துணியைக் குறுக்காக இரண்டு முறை நீவினால் போதும்.

தோய்ப்பதில் கவனம் தண்ணீருக்குத்தான். போர்த் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, நுரைக்கவில்லை என்று இன்னும் பவுடரைக் கொட்டுவோம். காய்ந்ததும் நீலத்தின் மேல் சாம்பல் பூத்தது போல வெள்ளைப்படலம் நிற்கும். தோய்ப்பதை எந்தத் தண்ணீரில் செய்தாலும் கடைசி அலசல் ஒன்றைக் காவிரிக் குடிநீரில் செய்யுங்கள், அரை வாளி போதும். இரவு முழுக்க ஊறவைக்க வேண்டாம், 15 நிமிடம் போதும். சிவப்பு விளிம்பு சாயம் விடுமா என்று முதல் தோய்ப்புக்கு முன்பே ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்துவிடுங்கள். விட்டால் தனியாக, பச்சைத் தண்ணீரில். பிழியாமல், உள்பக்கம் வெளியே வரத் திருப்பி, நிழலில் காயப்போட வேண்டும்.

அச்சடித்த ரகம் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. இலேசானது, விலை குறைவு, கொஞ்ச நாளில் எண் பாளம் பாளமாக வெடிக்கும். இஸ்திரிப் பெட்டி நேராகப் பட்டால் அன்றைக்கே முடிந்தது.

உண்மையில் இந்தக் கரைக்கு ஏற்றது மூன்றாவது ரகம். கபடி அணிகளுக்கு ஜெர்சி அடித்துக் கொடுக்கிறவர்களே செய்து தருவார்கள். டாட் நிட் துணி, 160 முதல் 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) என்று கேளுங்கள். அதற்குக் கீழே போனால் வெளிர்நீலத்தில் பனியன் தெரியும். சாயம் இழைக்குள்ளேயே இறங்குவதால் எண் உரியாது, வெடிக்காது, எண்ணுக்கு அடியிலும் காற்றுப் போகும். குறை இரண்டு. துணியை இழுத்தால் தையல் ஓரத்தில் வெள்ளை பல்லிளிக்கும். கணினித் திரையில் பார்த்த நீலம் துணியில் வேறாக இறங்கும். அதனால் முதலில் ஒரு சாண் துண்டில் மாதிரி அடித்து, வெயிலில் வைத்துப் பார்த்துச் சரி சொல்லுங்கள். எண்ணின் உயரம் 8 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. கபடி ஜெர்சியின் வழக்கமான சின்ன எண்ணை அவர்களாகவே போட்டுவிடுவார்கள், எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது.

சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டத் தையல் ரகம், தேவிபட்டினத்தில் மாலைக் கபடி பார்க்கப் போட்டுப்போக சப்ளிமேஷன். இரண்டையும் ஒரே ஜெர்சியில் எதிர்பார்த்தால் இரண்டுமே அமையாது. தையல் ரகத்தில் ‘4’-இன் மூலை தூக்கிவிட்டால் ஃபெவிக்விக் வைக்காதீர்கள், காய்ந்ததும் கல்லாகி மெஷ்ஷைக் கிழிக்கும். ஜிக்ஜாக் மெஷின் உள்ள தையல்கடையில் பாலியெஸ்டர் நூல் கொடுத்து ஒரு சுற்று ஓட்டச் சொல்லுங்கள். பருத்தி நூல் உப்பு வியர்வையில் இற்றுவிடும்.