களிமண் போக்கர் சிப்: நான் தேர்ந்தெடுத்த அச்சு, பல வருட ஆட்டத்துக்குப் பிறகு

வீட்டுப் போக்கர் ஆட்டத்துக்குச் சொந்தமாகக் களிமண் சிப் (பந்தயத்தில் காசுக்குப் பதிலாக வைக்கும் வட்ட வில்லை) செய்து வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் நிறத்துக்கும் நடுவில் வரும் படத்துக்கும்தான் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். அச்சை, அதாவது நடுப் படத்தைச் சுற்றியுள்ள வளையத்தில் உருவம் பதிக்கும் உலோக வார்ப்பை, கடைசியில் பட்டியலைப் பார்த்து ஏதோ ஒன்றைச் சொல்லிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் முதலில் முடிவு செய்ய வேண்டியதே அச்சுதான். படம் பிடிக்கவில்லை என்றால் அடுத்த ஆர்டரில் மாற்றலாம். நிறம் போதவில்லை என்றால் இன்னொரு மதிப்பைச் சேர்க்கலாம். ஆனால் ஒரு அச்சில் முந்நூறு சிப் அடித்துவிட்ட பிறகு, மேலே சேர்ப்பதெல்லாம் அதே அச்சில்தான் வந்தாக வேண்டும். இல்லையென்றால் ஒரே மேஜையில் இரண்டு வீட்டுச் சிப் கலந்த மாதிரி இருக்கும்.

நான் இருப்பது நியூ ஜெர்சியில். சனிக்கிழமை இரவுகளில் நண்பர்களோடு சின்னத் தொகைக்கு டெக்ஸாஸ் ஹோல்டம் என்ற போக்கர் வகை ஆடுவோம். நிறங்களில் அதிகம் யோசிக்கவில்லை. அட்லாண்டிக் சிட்டி கேசினோக்களில் பார்த்த வரிசையையே எடுத்துக்கொண்டேன்: ஒரு டாலர் வெள்ளை, ஐந்து சிவப்பு, இருபத்தைந்து பச்சை, நூறு கறுப்பு. கூடவே கால் டாலருக்கு ஒரு மஞ்சள். யோசித்ததெல்லாம் அச்சைப் பற்றித்தான்.

களிமண் என்று பேர்தானே தவிர, இது சுட்ட மண் இல்லை. களிமண்ணும் வேறு கனிமத் தூள்களும் பிசினோடு சேர்ந்த கலவை. அதைத் தகடாக்கி, வட்டமாக வெட்டி, ஓரத்தில் சின்னத் துண்டுகளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறு நிறத் துண்டுகளைக் கையால் பொருத்துகிறார்கள், இவைதான் ஓரப் பட்டை. பிறகு இரண்டு பக்கமும் இன்லே எனப்படும் அச்சிட்ட வட்டத்தை வைத்து, அச்சுக்குள் போட்டு, சூட்டோடு அழுத்துகிறார்கள். அந்த ஒரே அழுத்தத்தில் ஓரத் துண்டுகள் ஒட்டிக்கொள்கின்றன, இன்லே மேல்பரப்போடு சமமாகப் பதிகிறது, அச்சின் உருவமும் விழுகிறது. கேசினோ அளவு என்பது 39 மி.மீ. விட்டம், எட்டரை முதல் பத்து கிராம் வரை எடை. கடையில் பெட்டியோடு கிடைக்கும் 11.5 கிராம் பிளாஸ்டிக் சிப் உள்ளே இரும்பு வில்லை வைத்துக் கனம் காட்டுவது. அதைக் கையில் பிடித்துப் பழகியவர்களுக்கு முதலில் களிமண் சிப் லேசாகத்தான் தெரியும்.

அச்சு என்றதும் சிப் பிரியர்கள் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது தொப்பியும் கைத்தடியும். பால் எண்டி என்பவர் 1963-ல் லாஸ் வேகஸில் தொடங்கிய பால்சன் நிறுவனத்தின் அடையாளம் அது. அந்த நிறுவனம் 2002-ல் பிரெஞ்சு நிறுவனமான பூர்கோன் எ கிராஸேவோடு இணைந்து கேமிங் பார்ட்னர்ஸ் இண்டர்நேஷனல் ஆனது. 2019-ல் ஜப்பானின் ஏஞ்சல் நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. அழகான அச்சுதான், ஆனால் அவர்கள் கேசினோக்களுக்குத்தான் செய்வார்கள், நம் வீட்டுப் பெயர் போட்டுத் தர மாட்டார்கள். மூடிப்போன கேசினோவின் பழைய சிப்பைத் தேடி வாங்கலாம், அது தனிக் கதை. சொந்தமாகச் செய்துகொள்வதென்றால் தனியாருக்குச் செய்துதரும் சிறு பட்டறைகளைத்தான் நாட வேண்டும். அவர்களிடம் குதிரைத் தலை, லில்லிப் பூ, கிரேக்கக் கோலம், வைரமும் (சீட்டில் வரும் டைமண்ட் வடிவம்) கட்டமும் மாறி மாறி வருவது என்று பழைய சூதாட்டக் கிளப் காலத்து அச்சுகள் இருக்கும்.

மாதிரி சிப்களை வரவழைத்து வைத்துக்கொண்டு பார்த்தபோது என் கையில் கடைசியாக நின்றவை இரண்டு: குதிரைத் தலை, வைரம்-கட்டம். மனசு என்னவோ குதிரைக்குத்தான் போனது. வைரம்-கட்டத்தை எடுத்ததற்கு முக்கியக் காரணம், சிப் அச்சுக்குள் எந்தத் திசையில் விழும் என்று யாரும் சரிபார்த்து வைப்பதில்லை. இன்லேயின் எழுத்து ஒரு பக்கம் பார்க்கும், ஓரப் பட்டை இன்னொரு பக்கம் வரும், அச்சின் உருவம் வேறெங்கோ இருக்கும். களிமண் சிப்பின் இயல்பே அது. கேசினோ சிப்பிலும் அப்படித்தான். குதிரைத் தலைக்கு மேல் கீழ் உண்டு. எண் நேராக நிற்கும்போது குதிரை சாய்ந்து நிற்பது சிலருக்குக் கண்ணை உறுத்தும். ஓரத்தில் சுற்றி ஊர்ப் பெயர் எழுதிய அச்சு என்றால் இன்னும் மோசம். வைரத்துக்கும் கட்டத்துக்கும் தலைகீழ் கிடையாது, எப்படித் திரும்பினாலும் பொருந்தும்.

அடுத்தது இன்லேக்கு எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்பது. 39 மி.மீ. வட்டத்தில் 25 மி.மீ. இன்லே வைத்தால் சுற்றி அச்சு விழ ஏழு மி.மீ. வளையம் இருக்கும். இன்லேயை 22 மி.மீ.க்குக் குறைத்தால் வளையம் எட்டரை ஆகும். கணக்கில் சின்ன வித்தியாசம், மேஜையில் பெரிய வித்தியாசம். அகலமான உருவம் கொண்ட அச்சு எண்ணின் இடத்தைத் தின்றுவிடும். எங்கள் ஆட்டத்தில் பாதிப் பேர் படிக்கும் கண்ணாடி போட்டவர்கள். பாட், அதாவது எல்லோரும் பந்தயம் வைத்த சிப், நடுவில் குவிந்து கிடக்கும்போது, “தம்பி, அது அஞ்சா, இருவத்தஞ்சா?” என்ற கேள்வி வராமல் இருக்க வேண்டும். இந்த செட்டில் அது வரவில்லை.

சரி, இனி புழங்கிப் பார்த்தபின் தெரிந்தவை. இதைத்தான் வாங்குவதற்கு முன்னால் எனக்கு யாரும் சொல்லவில்லை.

புதுச் சிப்பின் ஓரம் கூராக இருக்கும். இரண்டு விரலால் ஒரு அடுக்கைப் பிரித்து இன்னொன்றோடு கோக்கும்போது சொரசொரவென்று பிடிக்கும். வழுக்கி ஓடாது. அச்சு விழுந்த வளையத்தில் மெல்லிய குறுக்குக் கோடுகள் இருப்பதால்தான் இந்தப் பிடிப்பு. இருபது சிப்பை அடுக்கி ஒரு தட்டுத் தட்டினாலும் அடுக்கு கலையாது. ஆட ஆட ஓரம் மழுங்கும். சைக்கிள் டயர் தேய்வது போலத்தான்: முதலில் மேடு, பிறகு கோடு, கடைசியில் உருவம். என் செட்டில் அதிகம் புழங்கும் ஒரு டாலர் சிப்பில் குறுக்குக் கோடுகள் நன்றாகவே மங்கிவிட்டன. வைரங்கள் இன்னும் தெளிவு. நூறு டாலர் சிப் வாங்கிய அன்று இருந்த மாதிரியே இருக்கிறது, எங்கள் ஆட்டத்தில் அதற்கு வேலை குறைவு. நுணுக்கமான மெல்லிய கோடுகளால் ஆன உருவத்தைவிட, பருமனான எளிய உருவம் தேய்மானத்தை அதிகம் தாங்குகிறது என்பது ஒரு டாலரையும் நூறையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புரியும்.

அழுக்கு விஷயத்திலும் அச்சுக்குப் பங்கு உண்டு. உருவம் எவ்வளவு ஆழமோ அவ்வளவு அழுக்கு தங்கும். வெளிர் நிறத்தில் அது உடனே தெரியும். மஞ்சள் கால் டாலர் சிப்பை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், ஒவ்வொரு கட்டத்தைச் சுற்றியும் பென்சிலால் வரைந்த மாதிரி சாம்பல் கோடு ஓடும். எனக்கு அது பிடிக்கும், ஆடிய சிப் என்று தெரிகிறது. உங்களுக்குப் பிடிக்காது என்றால் வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்புக்கு ஆழம் குறைந்த அச்சாகப் பாருங்கள். அடர் நிறத்தில் நிலைமை நேரெதிர். புதிதாக வந்த கறுப்பிலும் பச்சையிலும் பள்ளங்களில் வெண்ணிறத் தூள் படிந்து, நிறமே சோகை பிடித்தது போலத் தெரிந்தது. மினரல் ஆயில் இரண்டு சொட்டைத் துணியில் விட்டுத் துடைத்ததும் கறுப்பு கறுப்பானது, ஓரப் பட்டையின் நிறமும் எழுந்து வந்தது. எண்ணெய் அதிகமானால் கை வழவழக்கும், அதனால் துடைத்தபின் ஒரு நாள் துணிமேல் பரப்பி வையுங்கள். கழுவுவதென்றால் வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சோப்பு, மெத்தென்ற டூத் பிரஷ். சட்டென்று கழுவித் துடைத்துவிட வேண்டும், ஊறப்போடவே கூடாது. பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

ஓரப் பட்டையோடு அச்சு சேரும் விதத்தையும் மாதிரி வாங்கிப் பார்ப்பது நல்லது. எட்டுப் பட்டை, மூன்று நிறம் என்று போய், மேலே லில்லிப் பூ அச்சும் விழுந்தால் எதைப் பார்ப்பது என்றே தெரியாது. நான் ஒரு டாலரில் நான்கு பட்டையோடு நிறுத்திக்கொண்டு, மதிப்பு ஏற ஏற வேலைப்பாட்டைக் கூட்டினேன். வைரம்-கட்டம் அமைதியான அச்சு என்பதால் நூறு டாலரின் கூட்டமான ஓரத்தையும் அது சமாளிக்கிறது.

இரண்டு வருடம் கழித்து கால் டாலரில் இன்னும் நூறு சேர்த்தோம். அச்சு அப்படியே அச்சு பிசகாமல் பொருந்தியது. மஞ்சள் மட்டும் ஒரு நூல் அடர்த்தியாக வந்தது. ஒவ்வொரு முறை கலவை போடும்போதும் நிறம் இம்மியளவு மாறுவது இந்தப் பொருளில் சகஜம். கலந்து அடுக்கினால் எனக்கு மட்டும்தான் தெரிகிறது. இதில் கவனிக்க வேண்டியது வேறொன்று: அச்சும் உலோகம்தான், அதற்கும் தேய்மானம் உண்டு. பட்டறை மூடினால் அச்சும் அதோடு போகும். அதனால் புழக்கம் அதிகமுள்ள இரண்டு மதிப்புகளில் தேவைக்கு மேல் ஒரு ட்ரே, அதாவது நூறு சிப், முதல் ஆர்டரிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். இன்லேயில் மதிப்பு போடாத சிப்பும் ஓர் இருபது வாங்கி வையுங்கள். போட்டி ஆட்டம் வைக்கும் இரவில் எந்த மதிப்புக்கு வேண்டுமானாலும் அதை வைத்துக்கொள்ளலாம்.