ஹைலக்ஸ் 2.5 டீசல் ரீமேப்: தோட்டத்து மண் சாலையில் 60,000 கிலோமீட்டர்

மலேசியாவின் பீடோர் பக்கச் செம்பனைத் தோட்டங்களில் ஓடும் டொயோட்டா ஹைலக்ஸ் 2.5 வி.என்.டி (இதழ்களின் கோணம் மாறும் டர்போ கொண்டது) வண்டிக்கு மேப் எழுதி, அதாவது எஞ்சின் கணினியில் உள்ள எரிபொருள், டர்போ அளவுகளை மாற்றி எழுதி (ரீமேப் என்பது இதுதான்), அதிலேயே 60,000 கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்த அனுபவம் இது. கம்பெனிக் கணக்கில் இந்த 2கே.டி எஞ்சின் நிமிடத்துக்கு 3,400 சுற்றில் 144 குதிரைத்திறனும், 1,600 முதல் 2,800 சுற்று வரை 343 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தரும். குலை ஏற்றிய வண்டி மண் மேட்டில் திணறாமல் ஏற வேண்டும், தாப்பா–ரிங்லெட் மலைப்பாதையில் அடிக்கடி கியர் இறக்கக் கூடாது. தேவை இவ்வளவுதான். அதனால் மேல் சுற்றைத் தொடவில்லை. 1,800 முதல் 2,800 சுற்றுக்குள் முறுக்குவிசையை 15 விழுக்காடு, அதாவது ஏறக்குறைய 394 நியூட்டன் மீட்டர் வரை ஏற்றியதோடு நிறுத்திக்கொண்டோம்.

லேப்டாப்பைத் திறக்கும் முன் எஞ்சினைப் பாருங்கள். "ரீமேப் பண்ணி எஞ்சின் போச்சு" என்று பட்டறைக்கு வருபவற்றில் பல, முன்பே இன்ஜெக்டர் (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகம்) கெட்டிருந்த வண்டிகள். சூடான எஞ்சினை ஐட்லிங்கில் விட்டு, ஸ்கேனரில் நான்கு இன்ஜெக்டர்களின் திருத்த அளவை (ஒவ்வொன்றுக்கும் கணினி கூட்டியோ குறைத்தோ தரும் டீசல்) படியுங்கள். ஏதாவது ஒன்று கூட்டலிலோ கழித்தலிலோ 3 கன மில்லிமீட்டரைத் தாண்டினால் மேப் வேலையை அங்கேயே நிறுத்த வேண்டும். பிறகு மிச்ச டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் குழாய்களை நான்கு போத்தல்களில் விட்டுப் பார்த்தால், தேய்ந்த இன்ஜெக்டரின் போத்தல் மற்றவற்றைவிடச் சீக்கிரம் நிறையும்.

அதைவிட ஆபத்தானது இன்ஜெக்டருக்கு அடியில் உள்ள செப்பு வாஷர். அது கசிந்தால் சிலிண்டரில் எரிந்த வாயு மேலே ஏறி எஞ்சின் ஆயிலில் கரியாகச் சேரும். நாளடைவில் ஆயில் பேனில் உள்ள உறிஞ்சி வலை அடைத்துக்கொள்ள, ஆயில் அழுத்தம் விழுந்து பேரிங் போய்விடும். இன்ஜெக்டரைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் வாஷர் புதிதாகத்தான் போட வேண்டும். சில வெள்ளியை மிச்சம் பிடிக்கிறேன் என்று பழையதைத் திருப்பிப் போடுவது பெரிய தவறு. இன்ஜெக்டரை மாற்றினால் அதன் மேல் உள்ள குறியீட்டை இ.சி.யு.வில் (எஞ்சின் கணினி) பதியவும் மறக்காதீர்கள்.

மூல ஃபைலைப் படித்து இரண்டு இடத்தில் சேமித்தோம். படிக்கும்போதும் எழுதும்போதும் பேட்டரியோடு சார்ஜர் இணைந்திருக்க வேண்டும். பாதியில் மின்னழுத்தம் விழுந்தால் இ.சி.யு செத்துவிடும். பிறகு 800 கிலோ பாரத்துடன் மூன்றாம் கியரில் 1,500 முதல் 3,500 சுற்று வரை முழுதாக மிதித்து, ரெயில் (இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் உயர் அழுத்தக் குழாய்) அழுத்தம், டர்போ அழுத்தம் இரண்டிலும் கேட்டது எவ்வளவு, கிடைத்தது எவ்வளவு என்று லாக் (பதிவு) எடுத்தோம். வெளியேறும் வாயுவின் சூட்டை அளக்க, டர்பைனுக்கு முன்னால் மேனிஃபோல்டில் தனியாக ஒரு உணரி வைத்தோம். டர்போவுக்குப் பின்னால் வைத்தால் 100 டிகிரிக்கு மேல் குறைத்துக் காட்டி ஏமாற்றும்.

எரிபொருளை ஒரு தடவைக்கு 5 விழுக்காடு மட்டும் கூட்டி, ஒவ்வொரு தடவையும் லாக் பார்த்தோம். காற்று–எரிபொருள் விகிதம் 18க்குக் கீழே போகாதபடி புகை வரம்பை (புகை வராதபடி எரிபொருளைக் கட்டுப்படுத்தும் அளவு) பிடித்தோம். கறுப்புப் புகை வலிமை அல்ல. அரைகுறையாக எரிந்த டீசல் அது. டீசல் பீய்ச்சும் நேரத்தை 1 டிகிரிக்கு மேல் முன்னே தள்ளவில்லை. முன்னே தள்ளினால் வாயுச் சூடு இறங்கும், ஆனால் சிலிண்டர் அழுத்தம் ஏறிப் பிஸ்டனை அடிக்கும். ரெயில் அழுத்தத்தை ஏற்றவே இல்லை. ரெயிலில் உள்ள பாதுகாப்பு வால்வு சில தடவை திறந்துவிட்டால் பிறகு சரியாக மூடாது.

ரிங்லெட் 1,000 மீட்டருக்கு மேல் உள்ள ஊர். அந்த உயரத்தில் காற்றழுத்தம் 10 விழுக்காட்டுக்கு மேல் குறைவு. சமவெளியில் போட்ட டர்போ இலக்கையே மேலேயும் கேட்டால் டர்போ அளவுக்கு மீறிச் சுழலும். உயரத்துக்கான திருத்த மேப்பைத் தொடாமல் விட்டதால்தான் இங்கே தப்பித்தது. நீண்ட ஏற்றத்தில் வாயுச் சூடு 720 டிகிரியைத் தொட்டால் மிதியைத் தளர்த்துவது என்று வைத்துக்கொண்டோம்.

ஓட்டத்தில் அதிகம் தொல்லை தந்தது செம்மண் தூசிதான். இந்த வண்டிக்கு, டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் எஞ்சினின் மேலே, பானட் வாய்க்குக் கீழே இருக்கிறது. அதன் இடுக்குகளில் மண் படிந்தால் உள்ளே போகும் காற்று சூடாகி, அதே மேப்பில் வாயுச் சூடும் ஏறுகிறது. 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஏர் ஃபில்டரை மாற்றி, இன்டர்கூலரை உள்ளிருந்து வெளியே ஊதிச் சுத்தம் செய்த பிறகுதான் லாக் பழைய நிலைக்கு வந்தது. டீசல் ஃபில்டர் 10,000க்கு ஒருமுறை. பம்பில் கிடைக்கும் பி10 டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்த பயோடீசல் கலந்திருக்கிறது. அது தண்ணீரை இழுக்கும், டேங்கின் பழைய அழுக்கையும் கரைத்துக் கொண்டுவரும்.

2024 ஜூன் 10இல் தீபகற்பத்தில் டீசல் 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்குத் தாவிய பிறகு, மிச்சம் பிடிக்க ரீமேப் கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். வெறும் வண்டிக்குக் குறிப்பிடும்படி எதுவும் மிஞ்சவில்லை. பாரத்துடன் மேட்டில் கியர் இறக்குவது குறைவதால் கொஞ்சம் மிஞ்சும், அவ்வளவே.

45,000இல் கிளட்ச் வழுக்கத் தொடங்கியது. ஐந்தாம் கியரில் 2,000 சுற்றில் மிதித்தால் சுற்று மட்டும் ஏறி, வேகம் அப்படியே நின்றது. புது கிளட்ச் போட்டதோடு, 2,000 சுற்றுக்கு முன்னால் முறுக்குவிசை மெதுவாக ஏறும்படி மேப்பையும் திருத்தினோம். அதன் பிறகு 15,000 கிலோமீட்டர் ஓடியும் வழுக்கல் திரும்பவில்லை.