சீரியலா, சினிமாவா?

நடிக்க வரும் பெண்கள் அதிகம் குழம்புவது இதில்தான்.

வருமானம்
சீரியல்: நாள் கணக்குச் சம்பளம், தொடர் ஓடும்வரை கவலையில்லை.
சினிமா: மொத்தமாக வரும், அடுத்தது எப்போதோ!

முகம்
சீரியல்: 2013-இல் தொடங்கிய 'தெய்வமகள்', சத்யா வேடத்தில் வாணி போஜனை வீட்டுப்பெண்ணாக்கியது.
சினிமா: 2020-இல் 'ஓ மை கடவுளே'யில் அவர் வந்ததும் எங்கள் அம்மா, "அட, நம்ம சத்யா!" என்றார். பழைய பெயர் லேசில் போகாது.

ஆயுள்
இதில் சீரியலுக்கே என் ஓட்டு. 1978-இல் 'கிழக்கே போகும் ரயில்' பாஞ்சாலியாக அறிமுகமான ராதிகா, 1999-இல் சொந்த நிறுவனமான ராடான் தயாரித்த 'சித்தி'யில் மறுபடி கதையின் நாயகி. நாற்பதை நெருங்கும் நடிகைக்கு சினிமாவில் அக்கா, அண்ணி வேடம்தான் மிஞ்சும்.

மாதாமாதம் வாடகை கட்டணுமா, சீரியல். காத்திருக்கத் தெம்பிருந்தால் சினிமா.