டிரெய்லர்ல மோட்டாருக்கு முட்டுக்கம்பி, ஒரு சீசன் ஓட்டிட்டு எழுதுறேன்

போட்டை டிரெய்லர்ல இழுத்துட்டு போறப்ப தூக்கி வச்ச அவுட்போர்டுக்கு (போட்டுக்குப் பின்னாடி வெளிய மாட்டுற மோட்டார்) அடியில முட்டுக் குடுக்குற கம்பி இது, டிரான்ஸம் சேவர்னு விக்கிறாங்க. ஒரு முனை டிரெய்லர் பின்பக்க ரோலர்ல மாட்டும், இன்னொரு முனையில ரப்பர் போட்ட வி மாதிரி தலை, அதுல மோட்டாரோட கியர்கேஸ் (அடியில புரொப்பல்லர் இருக்குற பகுதி) உக்காரும், மேல ஒரு ரப்பர் பட்டையை இழுத்துக் கட்டிடணும்.

இதுக்கு முன்னாடி மோட்டார்லயே இருக்குற டில்ட் லீவரை மட்டும் நம்பித்தான் ரோட்டுல ஓட்டிட்டு இருந்தேன். மேனுவலைப் படிச்சப்பதான் தெரிஞ்சுது, அந்த லீவர் போட்டைக் கட்டிப்போடுறப்ப மோட்டாரைத் தண்ணிக்கு மேல தூக்கி வைக்கத்தான், இழுத்துட்டு போறதுக்கு இல்ல. பள்ளத்துல டிரெய்லர் குதிக்கிற ஒவ்வொரு தடவையும் சாஞ்சு நிக்கிற மோட்டாரோட மொத்த கனமும் நெம்புகோல் மாதிரி டிரான்ஸத்தை, அதாவது மோட்டார் மாட்டியிருக்குற பின்பலகையப் பிடிச்சு இழுக்குது, பட்டன்ல தூக்கி இறக்குற பவர் டில்ட் இருந்தா அந்த ஹைட்ராலிக்கும் சேர்ந்து அடி வாங்குது. கம்பி போட்டதுக்கப்புறம் கண்ணாடியில பாத்தா மோட்டார் ஆடுறது நல்லாவே கொறஞ்சிருக்கு, எனக்கு அதுதான் பெரிய நிம்மதி.

மாட்டுறதும் சுலபம். மோட்டாரை நேரா திருப்பி வச்சு முழுசா தூக்கி, கம்பிய வச்சுட்டு, அதுமேல கனம் உக்காருற வரைக்கும் மெதுவா இறக்கணும், அந்தரத்துல தொங்க விட்டா கம்பி இருந்தும் பிரயோஜனம் இல்ல. இறக்கும்போது மோட்டாரைப் போட்டோட பிடிச்சிருக்குற பிராக்கெட் நடுவுல மட்டும் தயவுசெஞ்சு கைய விடாதீங்க. தூக்கி வச்சே ரொம்ப நேரம் இருக்கப்போகுதுன்னா பெட்ரோல் ஹோஸையும் கழட்டிடுங்க, கசியும்.

குறைன்னா அந்த ரப்பர் பட்டைதான், வெயில்ல வெடிச்சுப்போச்சு, இப்போ நைலான் பெல்ட் போட்டிருக்கேன். இன்னொன்னு, ஊர் வந்து சேந்ததும் கம்பிய எடுக்காம டில்ட் பட்டனை அமுக்கி இறக்குனா கம்பி வளஞ்சுரும், அதனால ஸ்டீயரிங்லயே ஒரு சிவப்புத் துணி கட்டி வச்சுக்குறேன்.

நிறுத்தி வைக்கிறப்ப இது தேவையே இல்ல. கம்பிய எடுத்துட்டு மோட்டாரை நேரா இறக்கி விட்டாத்தான் உள்ள இருக்குற தண்ணி வடியும், குளிர் ஊருல அந்தத் தண்ணி உறைஞ்சா உள்பாகமே வெடிக்கலாம். தண்ணியிலயே போட்டை விட்டு வைக்கிறவங்களுக்கு நேர் எதிர், அங்க தூக்கி வச்சாத்தான் உப்பு அரிப்பும் சிப்பியும் அண்டாது.

வாங்குறதுக்கு முன்னாடி மோட்டாரைத் தூக்கி வச்சு ரோலர்ல இருந்து கியர்கேஸ் வரைக்கும் டேப் வச்சு அளந்துக்கோங்க, நான் அளக்காம வாங்கி ஒரு தடவை மாத்த வேண்டியதா போச்சு.